ஒதுங்கிய நான்கு வாக்குகள்

ஊல்மன்பாக்,
3 செப்டம்பர் 1996

அன்புள்ள ஹலினா,

உன் உதவியாளர் தட்டச்சு செய்து அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து கிடைத்தது. கையெழுத்து மட்டும் உன்னுடையது. எழுபத்து நான்கு வயதானவளுக்கு அமைச்சரகத்தின் சின்னம் பொறித்த தாளில் வாழ்த்து வருவது கௌரவம்தான். ஆனால் அடுத்த முறை அந்தத் தாள் வேண்டாம். சாதாரணத் தாளில் நீயே எழுது. இரண்டு வரி போதும்.

இங்கே எல்லோரும் நலம். பிளம் மரம் இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. உன் அப்பா வைத்த மரம் என்பதால் வெட்டவும் மனமில்லை. பறிக்க ஆளும் இல்லை. மூன்று கேக் செய்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தேன். நீ வருவாய் என்று நான்காவதைச் செய்து, ஞாயிறு மாலை நானே தின்றேன்.

நேற்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். நாடில்லாதவர்களுக்குத் தரும் பயண ஆவணத்தைப் புதுப்பிக்கும் வருடம் இது. புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், நகத்தை மட்டும் கடிக்கிறாள்.

“எந்த நாட்டிலேர்ந்து வந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

“மடத்துத் தெருவிலேர்ந்து. நடந்துதான் வந்தேன்.”

“அதில்லைம்மா, சொந்த நாடு?”

“அதைத்தான் நாற்பத்தொன்பது வருஷமா உங்க ஆபீஸ்ல கேட்டுக்கிட்டிருக்கேன்.”

கோப்பைப் பிரித்தாள். பிறந்த இடம் ஊல்மன்பாக், குடியுரிமை இல்லை என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்து விழித்தாள். “இங்கேயே பொறந்துட்டு ஏம்மா இந்த வரிசையில நிக்கறீங்க? என்ன பண்ணீங்க?”

“கல்யாணம் பண்ணிக்கிட்டேன்” என்றேன். பின்னால் நின்ற துருக்கிக்காரர் சிரித்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மக்களவையில் மசோதா நிறைவேறிய செய்தியை மூன்று முறை படித்தேன். அந்நியரை மணந்ததால் குடியுரிமை பறிபோன பெண்கள் இனி விண்ணப்பிக்க வேண்டாம். ‘நான் இழக்கச் சம்மதித்ததில்லை’ என்று சொல்லிக் கையெழுத்திட்டால் போதும். பறித்த நாளிலிருந்தே பறிக்கப்படாதவர்களாகக் கருதப்படுவார்கள். பறித்த நாளிலிருந்தே. இதற்காகத்தான் நான் இத்தனை வருடம் விண்ணப்பப் படிவத்தைத் தொடாமல் இருந்தேன். பிறவியிலேயே எனக்கு இருந்ததை, தயவுசெய்து தாருங்கள் என்று எழுதிக் கேட்க என் கை வராது.

இனி மாநிலங்களவை. சட்டம் போடுவது மத்திய அரசு இருக்கும் பான் நகரில் என்றாலும், முத்திரை குத்துவது மாநிலத்து அலுவலகங்கள். அதனால் மாநில அரசுகள் சம்மதிக்காமல் இந்த மசோதா சட்டமாகாது. அறுபத்தொன்பதில் முப்பத்தைந்து வாக்கு வேண்டும். பத்திரிகையை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். நம் மாநிலத்தை விட்டால் ஆதரவு முப்பத்திரண்டு. நம்முடையது நான்கு. அந்த நான்கையும் பிரிக்க முடியாது. மாநில அரசின் சார்பில் அங்கே உட்காரும் அமைச்சரின் ஒரே வாய்தான் சொல்ல வேண்டும். அந்த வாய் என் மகளுடையது.

நீ நின்ற ஒரு தேர்தலில்கூட நான் வாக்களித்ததில்லை. வாக்குச்சாவடி வாசலில் உனக்காகக் குடை பிடித்து நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். உன்னிடம் எதையும் கேட்டதுமில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் அம்மா,
வால்புர்கா குபியாக்


பான்,
14 செப்டம்பர் 1996

அன்பு அம்மா,

தாளைப் பார்த்தீர்களா? சின்னம் இல்லை. பானுக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் தண்டவாளத்தைத் திட்டுங்கள்.

நான்காவது கேக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அலுவலகக் காரில் அழுதேன். ஓட்டுநர் ஆல்பர்ட், “என்னம்மா, எதிர்க்கட்சியா?” என்று கேட்டார். “இல்லை, என் அம்மா” என்றேன். “அது இன்னும் கஷ்டம்” என்றார்.

உங்கள் கணக்கு சரி. எங்கள் அதிகாரிகளும் முப்பத்திரண்டு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. அந்த நான்கு வாக்கும் என்னுடையவை அல்ல. மாநில அமைச்சரவை என்ன தீர்மானிக்கிறதோ அதைத்தான் நான் அங்கே சொல்ல முடியும். எங்களுடையது சின்னக் கட்சி, முதல்வருடையது பெரியது. இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் மாநிலம் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

பயப்படாதீர்கள். செவ்வாயன்று அமைச்சரவையில் இது வந்தது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முதல்வர், “இதுக்கெல்லாம் விவாதம் எதுக்கு? ஆம் போட்டுட்டு வா” என்றார். உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. எடுத்தால் சொந்தக் காரியம் ஆகிவிடும். நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

என் கை அந்த மசோதாவுக்கு எதிராக எழாது. உறுதி.

முத்தங்களுடன்,
உங்கள் ஹலினா


ஊல்மன்பாக்,
19 செப்டம்பர் 1996

அன்புள்ள ஹலினா,

கோணல் எழுத்துக்குத் தண்டவாளத்தைக் குறை சொல்லாதே. பள்ளிக்கூட நாளிலிருந்தே உன் எழுத்து சாய்ந்துதான் நடக்கும்.

என் பெயரை எடுக்காதது சரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆனால் உன் கடைசி வாக்கியம் எனக்கு வேண்டாம். முப்பத்தொரு வருடம் மறைமாவட்ட அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவளுக்கு அப்படி ஒரு வாக்கியத்தை அனுப்பலாமா? உன் அவையில் ‘எதிர்ப்பவர் யார்’ என்று யாரும் எண்ணுவதில்லை. ஆதரிப்பவரை மட்டும் எண்ணுகிறார்கள். முப்பத்தைந்து வரவில்லை என்றால் மசோதா செத்தது. எதிர்த்தவனும் ஒதுங்கி நின்றவனும் அங்கே ஒரே தட்டில்தான். எதிராகக் கை எழாது என்று நீ சொல்வது, குளத்தில் விழுந்தவனிடம் ‘நான் உன்னைத் தள்ளவில்லை’ என்று சொல்வது போல.

எனக்கு மற்ற வாக்கியத்தை எழுது.

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைப்பாய். 1947 மே மாதம் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. உன் அப்பாவைப் போர்க்காலத்தில் போலந்திலிருந்து இழுத்துவந்து ரயில் பட்டறையில் வேலைக்குப் போட்டார்கள் என்பதும், போர் முடிந்தபின் அவர் திரும்பிப் போகாமல் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆனார் என்பதும் உனக்குத் தெரியும். திருமணப் பதிவாளர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலேர்ந்து நீ இந்த நாட்டுக்காரி இல்லை. தெரியுமில்லே? பொண்டாட்டி புருஷன் பின்னாடிதான்.”

“அவருக்கு நாடே இல்லையே?”

“அப்போ உனக்கும் இல்லை.”

உறிஞ்சுதாளை வைத்து ஒற்றினார். அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். கன்னியர் மடத்தில் ஆசிரியைப் பயிற்சியில் முதலாவதாகத் தேறியவள் நான். அந்த ஒற்றலோடு அரசுப் பள்ளியின் கதவு மூடியது. வருத்தப்படவில்லை, உன் அப்பா அதற்கு ஈடானவர்தான். ஆனால் அந்த ஆள் என்னைக் கேட்கவில்லை, ஹலினா. எனக்குத் தகவல் சொன்னார், அவ்வளவே.

மற்ற வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அம்மா


(ரைன் நதியில் நீராவிப் படகு, அஞ்சலட்டை)
பான், 23 செப்டம்பர் 1996

அம்மா,
ஆம் என்று சொல்வேன். ஆம், ஆம், ஆம். மெய்ப்புத் திருத்தத் தேவை இருக்காது என்று நம்புகிறேன்.
ஹலினா


பான்,
17 நவம்பர் 1996

அன்பு அம்மா,

இதற்குள் வானொலியில் கேட்டிருப்பீர்கள். முப்பத்திரண்டு. மசோதா விழுந்துவிட்டது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அவை கூட இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பெரிய கட்சிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். முதல்வர் தொலைபேசியில், “ஹலினா, என் ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒப்பந்தத்துல எழுதியிருக்கற மாதிரி ஒதுங்கிடு” என்றார். நான் வாதாடினேன். கூட்டணியையே உடைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். உடைத்தாலும் அன்று அந்த நான்கு வாக்கும் கிடைத்திருக்காது. அமைச்சரவையை மீறி நான் ‘ஆம்’ என்றிருந்தால் என்னைத் திரும்ப அழைத்திருப்பார்கள். கையைக் கட்டிவிட்டார்கள், அம்மா.

நம் மாநிலத்தின் பெயரைக் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என்னை மன்னியுங்கள். கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் வருகிறேன்.

உங்கள் ஹலினா


ஊல்மன்பாக்,
8 டிசம்பர் 1996

என் அன்பு மகளே,

பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். கோபத்தில் எழுதியதை மறுநாள் காலை படிக்காமல் தபாலில் சேர்க்காதே என்று மடத்துப் பள்ளியில் சிஸ்டர் அலோயிசியா சொல்வார். பதினைந்து காலைகள் படித்துப் பார்த்துக் கிழித்தேன்.

அவை நடவடிக்கையின் அச்சுப் பிரதியை எழுதிக் கேட்டு வரவழைத்தேன். மாநிலங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் மாநிலத்துக்கு நேராக ‘ஒதுங்குகிறோம்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. பிறகு உன்னை நினைத்தேன். தன் அம்மாவின் காரியத்தைத் தன் வாயாலேயே முடித்துவைக்கும்படி ஒரு பெண்ணை நிற்கவைத்தார்களே, அவர்களும் மனிதர்கள்தானா?

செப்டம்பரில் உன் மேல் பாரத்தை ஏற்றியவள் நான். என் பிடிவாதம் உன்னை எவ்வளவு நசுக்கியிருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. உனக்கு இருபத்தொரு வயது ஆனபோது குடியுரிமை கேட்டு நீ விண்ணப்பித்தாய். நான் உன்னைக் கோழை என்றேன், ஒரு வருடம் பேசவில்லை. அதே தவறை மறுபடி செய்ய மாட்டேன். நீ என் பக்கம் நின்றாய். உன் கூட்டாளிகள் உன்னைக் கைவிட்டார்கள். அதில் உன் குற்றம் இல்லை.

சோம்பு பிஸ்கட் இரண்டு டப்பா செய்துவைத்திருக்கிறேன். ஒன்று ஆல்பர்ட்டுக்கு. வா.

உன் அம்மா


ஊல்மன்பாக்,
2 பிப்ரவரி 1997

ஹலினா,

வெள்ளிக்கிழமை ரயில் பட்டறை விழாவில் நீ மேடையில் இருந்தாய். நான் முதல் வரிசையில் இருந்தேன். ஆனாலும் நடந்ததை எழுதுகிறேன். அன்று நீ உன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எதையெல்லாம் பார்க்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மூடப்போகும் பட்டறைகளின் பட்டியலிலிருந்து நம் பட்டறையை எடுத்துவிட்டார்கள் என்று கொண்டாட்டம். உன் அப்பா முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த இடம். அவருடைய விதவை என்று எனக்கு அழைப்பு. தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டக் காலம் என்பதால் தட்டுத் தட்டாக ஜாம் வைத்த உருண்டைகள். என் பக்கத்தில் கொல்லுப்பட்டறை மேஸ்திரி ரூப்ரெக்ட். கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

உங்கள் முதல்வர் நன்றாகப் பேசுகிறார். காகிதம் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறார்.

“இந்தப் பட்டறை ஏன் இன்னிக்கு மூடலை? எல்லாரும் என்னைப் பாக்கறீங்க. என்னைப் பாக்காதீங்கப்பா! ஏதோ ஒரு மசோதாவுக்கு ஆம் போட்டுட்டு வான்னு நான் இந்த அம்மாவை பானுக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடறாங்க. ‘ஐயா, மத்திய அரசுல சிலபேருக்கு இந்த மசோதா வேண்டாமாம். வெளியில சொல்லவும் முடியலை. நாம ஆம்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும், பட்டறையைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடறாங்க. பேசி முடிச்சுட்டேன், நீங்க சரின்னா போதும்’ங்கறாங்க. எனக்குத் தோணலை, என் கட்சிக்காரன் ஒருத்தனுக்கும் தோணலை! சும்மா இருந்தே ஆயிரத்து நூறு பேர் வேலையைக் காப்பாத்தினது இவங்கதான்!”

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் எழுந்தேன். உட்கார்ந்திருந்தால் கேள்வி வரும்.

ரூப்ரெக்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். “குபியாக் அம்மா, எங்க வீட்டு அடுப்பை அணையாம வெச்சது உங்க பொண்ணு. உங்க வீட்டுக்காரர் ஸெனோன் இருந்து பாக்கலையே!”

கீழே இறங்கிவந்த முதல்வர் என்னிடமும் குனிந்தார். “என்னம்மா, பெருமையா இருக்கா?”

“அது என்ன மசோதா?” என்று கேட்டேன்.

“அதுவா? ஏதோ பழைய காலத்துக் கல்யாண விவகாரம். கொஞ்சம் வயசான பொம்பளைங்களுக்கு. பெரிசா ஒண்ணும் இல்லை.”

“ஆமாம், பெரிசா ஒண்ணும் இல்லைதான்” என்றேன். தட்டில் வைத்த உருண்டையை முழுதும் தின்றேன். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று மடத்தில் பழக்கியிருக்கிறார்கள்.

பிறகு நீ வந்து என் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாய். “குளிருதாம்மா?” என்று கேட்டாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்படியானால் நவம்பரில் அந்த வெள்ளிக்கிழமை காலை யாரும் பின்வாங்கவில்லை. யாரும் உன் கையைக் கட்டவில்லை. ஒப்பந்தத்தின் அந்த விதியை யாரும் கையில் எடுக்கவில்லை. நீ அதை எனக்காக எடுத்தாய், எனக்கு எழுத ஒரு காரணமாக. டிசம்பரில் இந்த வீட்டில் உட்கார்ந்து, என் ஆறுதலை வாங்கிக்கொண்டு, என் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு போனாய்.

சிறுமியாக இருந்தபோது பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்முன் சிஸ்டர் அலோயிசியா எங்களை வரிசையில் நிறுத்திக் கேட்பார்: “செஞ்சதெல்லாம் யோசிச்சுட்டீங்க. செய்யாம விட்டதை?” எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். செய்யாததை எப்படி எண்ணுவது? இப்போது தெரிகிறது. நான்கு.

வால்புர்கா குபியாக்


பான்,
9 பிப்ரவரி 1997

அம்மா,

பொய் சொன்னேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதற்கு இருக்கிறது, தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

அந்த வியாழக்கிழமை போக்குவரத்துத் துறைக்காரர் ஒருவர் என்னிடம் மூடும் பட்டியலைக் காட்டினார். நம் பட்டறை நான்காவது. அப்பாவின் பட்டறை. ஒரு பக்கம் ஆயிரத்து நூறு குடும்பம். மறு பக்கம், நாடு முழுவதும் சேர்த்து, உயிரோடிருக்கும் சில ஆயிரம் பெண்கள். அவர்களில் நீங்கள் ஒருவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் ஹலினா இல்லை, அம்மா. நான் மாநிலம். மாநிலத்துக்கு அம்மா கிடையாது. உங்களுக்காக அந்தப் பட்டறையை விட்டிருந்தால்தான் அது துரோகம். அதைத்தான் பத்திரிகைகளும் எழுதியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. அந்தப் பெண்களில் யாருக்கும் வழி அடைபடவில்லை. ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். முப்பது வருடத்துக்கு முன்பே நீங்கள் எழுதியிருக்கலாம். நான் எழுதினேன், என்ன குறைந்துவிட்டேன்? ரூப்ரெக்டுக்கு அப்படி எழுத எந்தப் படிவமும் இல்லை.

மாவட்ட ஆட்சியரிடம் பேசிவிட்டேன். உங்கள் கோப்பை மேலே எடுத்துவைப்பார். மொழித் தேர்வு, காத்திருப்பு எதுவும் இருக்காது. வரும் ஞாயிறு படிவத்தை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ஹலினா


ஊல்மன்பாக்,
12 பிப்ரவரி 1997

ஹலினா,

ஞாயிறு வராதே. படிவத்தை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. ஆட்சியரிடம் நான் யாருடைய அம்மா என்று சொன்னாயோ, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்.

ரூப்ரெக்டின் அடுப்பும் என் காகிதமும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அந்த வியாழக்கிழமை மாலை எனக்கு ஒரு தொலைபேசி போட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் இருக்கிறது. எண் உன்னிடம் இருக்கிறது. ‘அம்மா, ஆயிரத்து நூறு குடும்பம். நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்த ஆம் என்ற சொல்லைத் திரும்பக் கேட்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். திட்டிவிட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் கொடுத்திருப்பேன்.

நீ கேட்கவில்லை. முதல்வரைக் கேட்டாய். போக்குவரத்துத் துறைக்காரரைக் கேட்டாய். எனக்குத் தகவல் சொன்னாய், அதுவும் பொய்த் தகவல். அந்தப் பதிவாளராவது உண்மையைச் சொன்னார்.

வா. கு.


பான்,
27 ஆகஸ்ட் 1997

அன்பு அம்மா,

பிறந்தநாள் வாழ்த்துகள். நானே எழுதுகிறேன், சாதாரணத் தாளில்.

ஈஸ்டருக்கு எழுதினேன், பதில் இல்லை. ஜூனில் எழுதினேன். ஜூலையில் வீட்டுக்கு வந்தேன். மாடி ஜன்னலில் திரை அசைந்தது. அரை மணி நேரம் வாசலில் நின்றேன். தெருவே பார்த்தது.

பிளம் காய்த்திருக்கிறதா? பறிக்க ஆள் அனுப்பட்டுமா?

அடுத்த மே மாதம் மாநிலத் தேர்தல். ஊல்மன்பாக் தொகுதியிலேயே நிற்கச் சொல்கிறார்கள். பட்டறைக்குப் பிறகு அங்கே எனக்குத் தோல்வி இல்லை என்கிறார்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தெருக்களில் எப்படி வாக்குக் கேட்பேன்?

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது.

உங்கள் ஹலினா


ஊல்மன்பாக்,
10 மே 1998, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி

ஹலினா,

உன் கடிதங்கள் ஒன்பதும் கிடைத்தன. எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுதாதது தண்டனைக்காக அல்ல. என்ன எழுதுவது என்று நேற்று வரை எனக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது.

சென்ற வருடம் பிப்ரவரியில், உனக்கு எழுதிய மறு வாரம், வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று படிவம் வாங்கினேன். அதே பெண்தான்.

“இப்பவாவது மனசு வந்துதேம்மா! அமைச்சர் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா சீக்கிரம் முடிஞ்சுடுமே?” என்றாள். நான் யாருடைய அம்மா என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“எல்லாருக்கும் எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவு நாள் ஆகட்டும்.”

‘விண்ணப்பிக்கும் காரணம்’ என்ற இடத்தில் வெகுநேரம் பேனா ஓடவில்லை. ‘வாக்களிக்க’ என்று எழுதினேன். கீழே, ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று அச்சடித்திருந்ததன் அடியில் கையெழுத்துப் போட்டேன். எழுபத்து நான்கு வயதில் முதல் முறையாக அரசிடம் ஒன்றை வேண்டிக் கேட்டேன். உன்னை அன்று கோழை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது கோழைத்தனம் இல்லை. கசப்பு, அவ்வளவுதான்.

ஐந்தாவது மாதம் மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். “சட்டம்மா, கோச்சுக்காதீங்க” என்று செய்தித்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்தாள் அந்தப் பெண். வாசித்தேன்.

“நல்லா வாசிக்கறீங்க.”

“எழுதினவன்தான் நல்லா எழுதலை. மூணாவது வரியில பிழை.”

அவள் அதையும் குறித்துக்கொண்டாள். தேர்ச்சி என்று எழுதினாள்.

சான்றிதழ் ஜனவரி பத்தொன்பதாம் தேதி கைக்கு வந்தது. ‘இன்று முதல்’ என்று போட்டிருக்கிறது. அப்படித்தான் போடுவார்கள். 1947 மே முதல் அதுவரை நான் எந்த நாட்டவளும் இல்லை என்பது இப்போது என் கையெழுத்தாலேயே உறுதியாகிவிட்டது. உன் அப்பாவோடு வாழ்ந்த காலம் முழுவதும் அதற்குள் அடங்கும். அந்த ஐம்பது வருடத்தை இனி எந்த அவையாலும் திருப்பித் தர முடியாது. யாருக்கும் சொல்லவில்லை. கல்லறைக்குப் போய் அவரிடம் மட்டும் சொன்னேன்.

இன்று காலை பூசை முடிந்ததும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். பட்டியலில் என் பெயரைத் தேடி, ஸ்கேலை வைத்துக் கோடிட்டு, “குபியாக், வால்புர்கா. இருக்கு” என்று உரக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்றவர் ரூப்ரெக்ட். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நம்ம பொண்ணுக்குத்தானேம்மா!” என்றார். அவர் உனக்குப் போட்டிருப்பார். போட வேண்டியவர்தான். பட்டறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் உனக்குப் போடுவதுதான் நியாயம். அன்று அந்த நாற்காலியில் நீ செய்தது அவர்களுக்கு நல்லது; இதை நான் யாரிடமும் மறுத்துப் பேச மாட்டேன்.

தடுப்புக்குப் பின்னால் பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முனை மழுங்கியிருந்தது. உன் பெயர், உன் புருஷன் வீட்டுப் பெயரோடு, மூன்றாவது. ‘ஹலினா டோர்னர், அமைச்சர்.’ அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ இருமினார்கள். நீ மாநிலமாக இருந்தாய், உனக்கு அமைச்சரவை இருந்தது, பட்டியல் இருந்தது, ஆயிரத்து நூறு குடும்பம் இருந்தது. என்னிடம் ஒரு வாக்குதான். எனக்கு உத்தரவு போட ஆளில்லை; ஒப்பந்தமும் இல்லை.

ஐந்தாவது பெயருக்குக் குறி போட்டேன். யாரோ பள்ளி ஆசிரியர். கேள்விப்பட்டதே இல்லை. முட்டாளாகக்கூட இருக்கலாம்.

வாக்கு ரகசியமானது, நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாவிட்டால், அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள், அல்லது தாளை வெறுமையாக மடித்துப் போட்டுவிட்டாள் என்று நீ உன்னைத் தேற்றிக்கொள்வாய். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். ஆறு மணிக்குச் சாவடி மூடும். நீ வென்றதற்காகவோ தோற்றதற்காகவோ எழுதியது என்று ஆகிவிடாமல், அதற்கு முன்பே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

நான் ஒதுங்கவில்லை, ஹலினா. உனக்கு எதிராக வாக்களித்தேன்.

வால்புர்கா குபியாக்